உடையாத கண்ணாடிகளைப் பார்க்கப் போனேன்

தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். முதல் முறை ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, இரண்டாம் முறை சொல்ல நேரமில்லாமல். பக்கத்து இருக்கையில் இருந்த சீனப் பெண்மணி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையையும் உப்பில் ஊறிய ஏதோ ஒரு பழத்தையும் நீட்டினார். அதை வாயில் அடக்கியதும் குமட்டல் நின்றது. ஊட்டிக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறிவிடுகிறவள் நான். மலேசியாவின் கேமரன் மலை வளைவுகளிடம் அந்த வித்தை பலிக்கவில்லை.

வந்தது தேயிலையையும் ஸ்ட்ராபெரியையும் பார்க்க இல்லை. உடையாத கண்ணாடிகளைப் பார்க்க. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

சென்னையில் எங்கள் பகுதியில் தெருக்களுக்கு எழுபது அடி கீழே ஒரு பெரிய மழைநீர்ச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறோம். உள்ளே பேருந்தே ஓட்டலாம், அத்தனை அகலம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கட்டில்மேல் நாற்காலி, நாற்காலிமேல் பாட்டி என்று வாழ்ந்து அலுத்துப்போன ஊருக்கு இனி அதுதான் வழி என்று முடிவாகிவிட்டது. தோண்டுவதற்கு இயந்திரம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். மேலே உள்ள வீடுகளுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

சுவரில் விரிசல் இருந்தால் அதற்குக் குறுக்கே இரண்டு விரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டைப் பசை வைத்து ஒட்டுவோம். மேலே ஓர் எண் எழுதுவோம். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி பட்டென்று உடைந்துவிடும். உடைந்தால் கீழே தோண்டுவதை நிறுத்திவிட்டு என்ன ஏது என்று பார்க்க வேண்டும். எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன, ஆனாலும் சின்ன வீடுகளுக்கு இன்றும் இந்தக் கண்ணாடிதான் காவல்.

எங்கள் ஊரில் இதனால் நான் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒருவர் சப்பாத்திக் கட்டையால் தட்டி உடைத்துவிட்டு வீட்டையே புதிதாகக் கட்டித்தா என்றார். இன்னொருவர் உடையாத கண்ணாடியை உடைந்தது என்று சாதித்தார். தெருவில் இறங்கினாலே சண்டை. வாடகை வீட்டில் இருக்கும் பரிமளா என்ற பெண் மட்டும் விதிவிலக்கு. போனால் மோர் கொடுப்பாள். ஆறு மாதமாக அவள் வீட்டுக் கண்ணாடி உடையவும் இல்லை, அவள் ஒரு குறை சொன்னதும் இல்லை. பரிமளாவைப் போல் நாலு பேர் இருந்தால் இந்தச் சுரங்கத்தை நிம்மதியாக முடித்துவிடலாம் என்று அலுவலகத்தில் அடிக்கடி சொல்வேன்.

அப்படியிருக்க, மலேசியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அடியில் வெள்ளச் சுரங்கம் குடைகிறார்கள், மேலே தொழிலாளர் வீடுகள் இருக்கின்றன, எட்டு மாதமாக ஒரு கண்ணாடிகூட உடையவில்லை என்ற சேதி வந்தது. என் மேலதிகாரி முதலில் நம்பவில்லை. பிறகு பொறாமைப்பட்டார். "போய் என்ன ரகசியம்னு பாத்துட்டு வாம்மா" என்று அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பேருந்து நிறுத்தத்தில் தேவன் காத்திருந்தான். ஈப்போவில் பிறந்து வளர்ந்த இளம் பொறியாளன், இந்தச் சுரங்கத்தில் என் வேலையைப் பார்ப்பவன். என் முகத்தைப் பார்த்ததும் காரின் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டான். ஐந்து நிமிடத்தில் முட்டைக்கோஸ் ஏற்றிய ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். வளைவுக்கு வளைவு அதிலிருந்து ஒரு கோஸ் உருண்டு எங்கள் முன்னால் விழுந்தது.

"இது கோலா தெர்லா காய்கறித் தோட்டத்து லோரி அக்கா. இது பின்னால போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம் லா" என்றான் தேவன். மூன்றாவது கோஸைக் காரை நிறுத்தி எடுத்து என் மடியில் வைத்தான். ஊருக்கு வந்தவர்களை இப்படி முட்டைக்கோஸ் கொடுத்து வரவேற்பது எனக்குப் பிடித்திருந்தது.

ரிங்லெட் டவுனில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவரின் கடையில் சாப்பிட்டோம். எல்லாருக்கும் அவர் பாய். கடையின் பாதி சாப்பாட்டுக்கடை, மீதிப் பாதியில் படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொடுக்கிறார். முருகனும் மக்காவும் ஒரு சீனக் கல்யாண ஜோடியும் ஒரே சுவரில் சாய்ந்திருந்தார்கள். ரொட்டி சானாய் வந்தது. நம் பரோட்டாதான், கொஞ்சம் நாகரிகமாக வளர்ந்திருக்கிறது. தேயிலை மலையில் நான் குடித்த முதல் தேநீரில், டின் பாலுக்கும் சர்க்கரைக்கும் நடுவே தேயிலையைத் தேட வேண்டியிருந்தது.

அப்போது சட்டக்கடைப் பக்கம் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ்.

"பாய், அதே அளவுதான். ஆறு துண்டு. ஓரத்த நல்லா தேச்சுக் குடுங்க, போன தடவ கைய கீறிருச்சு."

"இப்பதான வாங்கிட்டுப் போன. கண்ணாடிய வறுத்துத் திங்கறீங்களா எல்லாரும்?"

"வீட்டுக்குத்தான் பாய்" என்று அவள் சிரித்தாள். பாய் சாணைக்கல்லில் கண்ணாடி ஓரத்தைத் தேய்க்கும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இரண்டாவது ரொட்டிக்கு இன்னொரு கிண்ணம் பருப்புக் குழம்பு கேட்கலாமா, கேட்டால் மரியாதைக் குறைவாக இருக்குமா என்பதுதான் அப்போது என் கவலை.

மதியம் சுரங்கத்துக்குள் போனோம். மலையில் பெய்யும் மழையை ஊருக்கு மேலேயே பிடித்து, மலைவயிற்றுக்குள் கொண்டுபோய், ஊரைத் தாண்டி ஆற்றில் விடுவது திட்டம். கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஒரு முறை சேற்று வெள்ளம் வந்து வீடுகளையும் கார்களையும் மூடியிருக்கிறது. அந்தச் சேற்றின் உயரத்தைத் தேவன் தன் மார்பில் கை வைத்துக் காட்டினான். எங்கள் தெரு வெள்ளத்தின் உயரம் எனக்கு இடுப்பு. வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது உலகத்தில் எல்லாரும் உடம்பைத்தான் அளவுகோலாகப் பிடிக்கிறோம்.

உள்ளே அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன். பாறையை இவ்வளவு வழுவழுப்பாகக் குடைந்து நான் பார்த்ததில்லை. ஒரு பக்கச் சுவரில் மட்டும் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"முன்ன இவ்ளோ இல்ல அக்கா. மழ காலம்ல" என்றான் தேவன்.

அலுவலகத்தில் கோப்பைக் காட்டினான். சுரங்கத்தின் நேர் மேலே விலை உயர்ந்த கருவிகள். அங்கிருந்து சற்றுத் தள்ளி, சரிவின் ஓரத்தில் ஒரு லைன் இருக்கிறது. லைன் என்றால் ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளின் வரிசை, மொத்தம் பன்னிரண்டு. தள்ளியிருப்பதால் அவற்றுக்குக் கண்ணாடியே போதும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை தேவன் போய்ப் பார்ப்பான். எட்டு மாதமும் பன்னிரண்டு வீட்டுக்கும் 'உடையவில்லை' என்று நேர்த்தியாக எழுதியிருந்தான். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினேன். இரண்டு கை கூப்பிய பொம்மைகளைப் பதிலாக அனுப்பினார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையிலேயே தூறல். தேயிலைச் சரிவுகள் வெட்டிவைத்த பச்சை மெத்தைபோலக் கிடந்தன. லைனுக்குப் போய் இறங்கியதும் நான் அசந்துபோனேன். பன்னிரண்டு வாசலிலும் கோலம். சுவர்களில் புதுச் சுண்ணாம்பு வாசனை. செருப்புகள்கூட வரிசையாக இருந்தன.

"கோயில் திருவிழாவா?" என்று கேட்டேன்.

"இல்ல அக்கா. நான் எப்ப வந்தாலும் இப்படித்தான் இருக்கும். ரொம்ப நல்ல மனுசங்க லா" என்றான் தேவன் பெருமையாக.

ஏழாவது வீட்டுக் கதவைத் திறந்த பெண்ணின் பெயர் மல்லிகா. எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றியது. எதற்கும் முன்னால் சூடாக மைலோவும் ஒரு தட்டு பிஸ்கட்டும் வைத்தாள். நாங்கள் குடித்து முடிக்கும்வரை உட்காராமல் நின்றாள். கண்ணாடி சமையலறைச் சுவரில் இருந்தது. எண் பதினான்கு. மயிரிழை விரிசலுக்குக் குறுக்கே, பளிச்சென்று, முழுசாக. தேவன் தன் பலகையில் எழுதத் தொடங்கினான்.

பழக்கதோஷத்தில் அந்தக் கண்ணாடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வழுவழுப்பாக இருந்தது.

நாங்கள் ஒட்டும் கண்ணாடிக்கு யாரும் ஓரம் தேய்ப்பதில்லை. வெட்டியது வெட்டியபடி ஒட்டுவோம், அது விரலைக் கீறும். குனிந்து பார்த்தேன். எட்டு மாதப் பசை மஞ்சளாகியிருக்க வேண்டும். இது தண்ணீர்போல் தெளிவாக இருந்தது. முகர்ந்தால் இன்னும் கம் வாடை. தலையை நிமிர்த்தியபோது சுவரோரம் அந்த ரப்பர் பூட்ஸைப் பார்த்தேன். பாய் கடை ஞாபகத்துக்கு வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அக்கா, இது எப்ப ஒட்டின கண்ணாடி?"

"தம்பிதான் ஒட்டினாரு மேடம். எட்டு மாசமாச்சு." அவள் என்னைப் பார்க்கவில்லை. தேவனைப் பார்த்தாள்.

தேவனை வெளியே அனுப்பினேன். காரிலிருந்து டார்ச் எடுத்து வரச் சொன்னேன். அவன் படி இறங்கியதும் தாழ்ந்த குரலில், "நேத்து பாய் கடையில உங்களப் பாத்தேன்க்கா. ஆறு துண்டு வாங்கினீங்க" என்றேன்.

திருட்டில் பிடிபட்டவள்போல அவள் முகம் வெளிறிப்போனது. அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு மைலோ டின்னை எடுத்து என் கையில் கொடுத்தாள். வாங்கியபோது டின்னுக்குள் ஏதோ கிணுகிணுத்தது.

"நான் உடைக்கல மேடம். புள்ளங்க மேல சத்தியமா யாரும் தொடல. அதுவா உடையுது. உடைஞ்சதத் தூக்கிப் போடல, எல்லாம் அப்படியே வெச்சிருக்கேன். கம்பெனி சாமான், நாளைக்கு எங்கனு கேட்டா காட்டணும்ல?"

டின்னைத் திறந்தேன். உள்ளே ஆறு சின்னப் பொட்டலங்கள். நாள்காட்டித் தாளில் சுற்றி ரப்பர் வளையம் போட்டவை. ஒவ்வொன்றிலும் இரண்டாக உடைந்த ஒரு கண்ணாடி. அதன்மேல் தேவனின் கையெழுத்தைப் பார்த்து எழுதிய பதினான்கு. முதல் துண்டில் மட்டும் தேவனே எழுதிய பதினான்கு.

"இந்தத் தாள் ஏன்க்கா?"

"அன்னன்னைக்குக் கிழிக்கிற தாள்தான மேடம். உடைஞ்ச அன்னைக்கு அதுலயே சுத்தி வெச்சிருவேன்."

அந்தத் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். கண்ணாடி ஒட்டி மூன்று மாதம் கழித்து முதல் உடைப்பு. அதன்பின் இரண்டு மாதம் கழித்து அடுத்தது. பிறகு ஆறு வாரம். பிறகு மூன்று வாரம். பிறகு பத்து நாள். ஆறாவது தாளில் சனிக்கிழமை என்று இருந்தது, முந்தாநாள். அது ஐந்தாவதற்கு நாலே நாள் பின்னால்.

இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு மலை நகர்வதை, நகரும் வேகம் கூடிக்கொண்டே போவதை, இவ்வளவு தெளிவாக எந்தக் கருவியும் எனக்குக் காட்டியதில்லை. அது நாள்காட்டித் தாளில், ராகுகாலம் எமகண்டத்தோடு என் முன்னால் கிடந்தது. தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தத் தரையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே பயமாக இருந்தது.

"ஆறு துண்டும் உங்களுக்கா?"

"எனக்கு ரெண்டு. மத்தது பக்கத்து வீடுங்களுக்கு. எல்லாருந்தான் மாத்தறோம்."

"ஏன்க்கா? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அவள் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"வீடு எங்களோடது இல்ல மேடம், தோட்டத்தோடது. எங்க வீட்டுக்காரரு வேலைய விட்டு நின்னாச்சு. நான் இன்னும் கொழுந்து எடுக்கறதால இருக்கோம். வருசத்துக்கு ஒரு தடவ துரை லைன் பாக்க வருவாரு. சுவரு வெடிச்சிருந்தா, அசிங்கமா இருந்தா, இவங்க வீட்ட ஒழுங்கா வெச்சுக்கலன்னு கூட வர்ற ஆபீஸ் கிராணி எழுதிக்குவாரு. எங்கம்மா காலத்துலருந்து அப்படித்தான். ஆளு வர்ற நாளுக்கு முன்ன சுவர அடைச்சு, சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருவோம். இப்ப தம்பி மாசாமாசம் வர்றாரா, அதனால மாசாமாசம் பண்றோம். கண்ணாடி உடையாம இருந்தாத்தான வீடு இருக்கும்?"

டார்ச்சோடு வந்த தேவன் வாசலிலேயே நின்றுவிட்டான். தரையில் பரப்பியிருந்ததைப் பார்த்தான். அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் சாவியால் சுவரைச் சுரண்டினேன். சுண்ணாம்பு உதிர்ந்தது, அடைத்திருந்த சிமெண்ட் கட்டியாகக் கழன்று விழுந்தது. மயிரிழை என்று நாங்கள் குறித்துக்கொண்டிருந்த விரிசலுக்குள் என் ஆள்காட்டி விரல் இரண்டாம் கணு வரை போனது. உள்ளே குளிர்ந்த காற்று. விரலை வெளியே எடுத்தபோது நுனியில் சேறு ஒட்டியிருந்தது. 

பின்பக்கம் ஓடினோம். வீட்டுக்குப் பின்னால் உடனே சரிவு, சரிவு முழுக்கத் தேயிலை. வரிசையாகப் போகும் செடிகள் ஓரிடத்தில் பிசகியிருந்தன. அந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு மண் கீழே இறங்கி நீளமாக ஒரு படி விழுந்திருந்தது.

"அதுவா? அந்த நெரைல ஏறும்போது இப்ப ஒரு படி மாதிரி வந்திருக்கு" என்றாள் பின்னாலேயே வந்த மல்லிகா. "ஏறுறதுக்குச் சௌகரியந்தான்."

தேவன் தன் தலைமைப் பொறியாளருக்குப் போன் செய்தான். எதிர்முனையில் பேசியதை ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன். எட்டு மாத அறிக்கையும் சுத்தமாக இருக்கிறதே, நாளைக்கு நேரில் வந்து பார்க்கிறேன் என்று மலாய்மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார் அவர். தேவன் சமையலறைக்குள் திரும்பி வந்தான். தரையில் குந்தி, ஒவ்வொரு நாள்காட்டித் தாளாக எடுத்து, தேதியைச் சத்தமாக வாசித்தான். ஆறாவது தேதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார் அவர். பிறகு ஒரே வாக்கியம் வந்தது. கீழே வேலையை நிறுத்துகிறேன், ஆட்களை உடனே வெளியே எடுங்கள்.

சொல்வது எளிது. பன்னிரண்டு குடும்பங்களை அரை நாளில் வீட்டைவிட்டுக் கிளப்புவது என்றால் என்ன என்று அன்று பார்த்தேன். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், மோட்டார் சைக்கிளில் வந்து வீடு வீடாகச் சொன்னார். கீழே கோயில் மண்டபத்துக்கு வரச் சொன்னார். எங்கள் ஊராக இருந்தால் அதற்குள் நாலு கட்சிக்காரர்கள் வந்திருப்பார்கள். இங்கே யாரும் குரலை உயர்த்தவில்லை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, வாசலைப் பெருக்கிவிட்டு வந்தார்கள். 

மல்லிகா மட்டும் நகரவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப போனா திரும்ப விடமாட்டாங்க மேடம். எனக்குத் தெரியும். நீங்க எழுதாதீங்க. நான் இன்னைக்கே மாத்திருவேன், துண்டு இருக்கு."

அவளிடம் நான் ஏதேதோ சொன்னேன். மண், தண்ணீர், சுமை என்று. எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கடைசியில் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அவளுடைய விரலையே அந்த விரிசலுக்குள் விட்டேன். போகப் போக அவள் முகம் மாறியது. தான் மேலே மேலே பூசிக்கொண்டிருந்த சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அவள் அப்போதுதான் தொட்டுப் பார்த்தாள். விரலை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு, வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். நாலு மணிக்குள் லைன் காலியானது.

செவ்வாய்க்கிழமை காலை மண்டபத்தில் எல்லாருக்கும் தோசை சுட்டார்கள். நானும் வாங்கிக்கொண்டு ஒரு தூணோரம் உட்கார்ந்தேன். இரவெல்லாம் பெய்த மழை விடவில்லை. சட்னியில் கொஞ்சம் சர்க்கரை தூக்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தரை மணி இருக்கும். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய சத்தமாக இல்லை.

வாசலுக்கு ஓடிப் பார்த்தோம். லைனில் ஐந்தாவது வீட்டிலிருந்து பத்தாவது வரைக்கும் சமையலறைகள் இல்லை. அந்த இடத்தில் செம்மண்ணும், மண்மேல் நிமிர்ந்து நின்றபடியே இறங்கி வந்திருந்த தேயிலைச் செடிகளும் இருந்தன. முன் சுவர்கள் மட்டும் புதுச் சுண்ணாம்போடு வெள்ளை வெளேரென்று நின்றன. திங்கட்கிழமை நான் அந்த நேரத்தில் ஏழாவது வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து தாள்களைப் பரப்பிக்கொண்டிருந்தேன்.  கிராணி ஆட்களை எண்ணினார். திரும்ப எண்ணினார். எல்லாரும் இருந்தார்கள்.

யாரும் அழவில்லை. மல்லிகா வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"மேடம், அந்தக் கண்ணாடி உடையணும்னுதான் ஒட்டினீங்களா?"

"ஆமாக்கா. சுவரு அசைஞ்சா நமக்கு முன்னாடியே தெரியணும்னுதான்."

அவள் தேவன் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒட்டின அன்னைக்கு, உடையாம பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுப் போனீங்களே தம்பி. நாங்க பாத்துக்கிட்டோமே. இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?"

 அன்று தேவன் சொன்னது எனக்கு அப்படியே கேட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை அதை. குழந்தைகள் பந்து அடித்துவிடுமே, துணி காயப்போடும்போது இடித்துவிடுவார்களே என்று சொல்வது. நானும் சொல்லியிருக்கிறேன். ஒட்டிய ஒவ்வொரு வீட்டிலும், பசை காய்வதற்குள், மோரைக் குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்முன் கிராணியிடம் இவர்களுக்கு வீடு என்ன ஆகும் என்று கேட்டேன். வேறு லைனில் இடம் பார்க்கிறோம் என்றார். வேலையில் இல்லாதவர்களுக்கும் சேர்த்தா என்று கேட்டேன். பாக்கலாம் லா என்றார். மல்லிகா மண்டபத்தின் ஓரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். போய்வருகிறேன் என்று சொன்னதற்குத் தலையை ஆட்டினாள். மைலோ டின் தேவனின் அலுவலகத்துக்குப் போயிருந்தது, அதுதான் இப்போது எல்லாரும் கேட்கும் ஆவணம்.

இறங்கும்போது வாந்தி வரவில்லை. வளைவுகளை நான் கவனிக்கவே இல்லை. தாப்பா அருகே போனில் சிக்னல் கோடுகள் வந்ததும் மேலதிகாரியின் செய்தி வந்து விழுந்தது. 'என்னம்மா, ரகசியம் கிடைச்சுதா?' பதில் அடிக்கத் தொடங்கி, அழித்து, மறுபடி தொடங்கி, விட்டுவிட்டேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. பரிமளாவின் எண்ணைத் தேடி எடுத்தேன். அவளுடைய வீட்டுச் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்று ஆறு மாதத்தில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை என்பது மணி அடிக்கும்போதுதான் உறைத்தது.

"சொல்லுங்க மேடம். ஊர்ல இல்லனு சொன்னாங்களே."

"பரிமளா, உங்க வீட்டுக் கண்ணாடி உடைஞ்சிருக்கா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல மேடம்" என்றாள் அவள், என்னைச் சமாதானப்படுத்தும் குரலில். "உடைய விடுவமா நாங்க?"